69 வயசுல பத்தாவது எழுதணும்னு அம்மா சொல்றாங்க, "எதுக்கு?"ன்னு அண்ணன் கேக்கறார்

கொசப்பேட்டை மகள் | ஜூலை 6, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டுப் போறேன். எழுதறது இதுதான் முதல் தடவை.

எங்க அம்மாவுக்கு 69 வயசு. கொசப்பேட்டையில ஒரு சந்துல, வாசல் திண்ணையிலயே மெஷின் போட்டு 40 வருஷமா ப்ளவுஸ் தைக்கிறாங்க. படிப்பு எட்டாவதோட நின்னு போச்சு. தாத்தாவுக்கு உடம்பு முடியாம போச்சு, அம்மா மூத்த பொண்ணு, கீழ நாலு பேர். வேற காரணம் ஒண்ணும் இல்ல. போன வாரம் ராத்திரி சாப்பாடு போட்டுட்டே, நாளைக்கு என்ன குழம்புன்னு கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னாங்க: "நான் பத்தாவது எழுதலாம்னு இருக்கேன்."

அண்ணன் கோவப்படல. ஆனா அவருக்குப் புரியல. "எதுக்கும்மா? இனிமே வேலைக்கா போகப் போற? கண்ணு வேற ஆபரேஷன் பண்ணியிருக்கு"ன்னார். "எதுக்குன்னு இல்லடா. படிக்கணும்னு இருந்தேன். படிக்கல." அவ்வளவுதான் அம்மா சொன்னது. தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. நானும் அன்னிக்கு வாயைத் திறக்கல. அது உறுத்திட்டே இருக்கு.

மறுநாள் டிரங்குப் பெட்டியிலேர்ந்து எட்டாவது சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினாங்க. அப்படி ஒண்ணு வீட்டுல இருக்கறதே எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சிருந்தது. பின்பக்கம் லைனிங் துணியை வெட்டி, பசை தடவி, ஓரம் பிசிறாம ஒட்டி வெச்சிருக்காங்க. அந்தத் துணி எந்த வருஷத்துதுன்னு கேட்டேன். என் பாவாடைக்கு வெட்டின மிச்சமாம். அப்போ நான் ஆறாவது படிச்சேன்.

இந்த வயசுல எழுத விடுவாங்களா? எங்க போய் கேக்கணும்? அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கான்னு யோசனையா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தம்புச்செட்டித்தெரு | ஜூலை 7, காலை 7:05

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனாலும் உங்க அண்ணன் பக்கம் நின்னு கொஞ்சம் பேசணும், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க அப்பா கஸ்டம்ஸ்ல வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் எம்.ஏ. வரலாறு தபால்ல சேர்ந்தார். அது அவரோட நெடுநாள் ஆசை. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படிப்பார். முதல் வருஷம் ரெண்டு பேப்பர் போச்சு. மறுபடி எழுதினார், மறுபடியும் போச்சு. படிச்சது மனசுல நிக்கலைன்னு ஒரு நாள் என்கிட்டயே சொல்லி அழுதார். அதுக்கப்புறம் நோட்டையெல்லாம் பரண்ல போட்டுட்டார். சாயங்காலம் நண்பர்களோட பீச்சுக்குப் போறதையும் நிறுத்திட்டார். "என்ன சார், பாஸா?"ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு அவருக்கு பயம்.

வயசானவங்க படிக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. தேர்வு வேணுமான்னுதான் கேக்கறேன். நூலகத்துல உக்காந்து பிடிச்சதைப் படிக்கலாமே. வாழ்க்கை பூரா மத்தவங்க வெச்ச அளவுக்கே உழைச்சவங்களை, கடைசியில மறுபடி ஒரு மார்க்குக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்தணுமா?

ஓய்வுபெற்ற டீச்சர் | ஜூலை 7, காலை 9:48

மகளே, முதல்ல நடைமுறையைச் சொல்லிடறேன். மத்ததை அப்புறம் பேசுவோம். நான் வடசென்னை அரசுப் பள்ளிகள்ல 31 வருஷம் கணக்கு டீச்சர்.

எட்டாவது தேறின சான்று கையில இருக்குன்னா பெரிய வேலை முடிஞ்சது. அம்மா பள்ளியில சேராமலே, நேரடித் தனித்தேர்வரா பத்தாவது எழுதலாம். குறைஞ்ச வயசுதான் பதினாலரைன்னு இருக்கு, மேல எல்லை கிடையாது. (சான்று இல்லாதவங்க எட்டாவதையே தனித்தேர்வரா எழுதிட்டு வரலாம். அதுக்கும் தேர்வு உண்டு.)

ரொம்ப முக்கியமானது அறிவியல் செய்முறை. தனித்தேர்வர்கள் இதுக்கு முன்கூட்டியே பேர் பதிஞ்சு, ஒதுக்கற பள்ளிக்குப் போய் பயிற்சி எடுக்கணும். இந்தப் பதிவைத் தவறவிட்டுட்டு ஒரு வருஷத்தை இழந்தவங்க எத்தனையோ பேர். மாவட்டக் கல்வி அலுவலகத்துல நாளைக்கே போய் கேளுங்க, அறிவிப்பு பேப்பர்லயும் வரும். அறிவியல்ல எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. தேர்வுக்கான விண்ணப்பம் பிறகு தனியா வரும். அரசுத் தேர்வுகள் சேவை மையம் மூலமா போடணும்.

புத்தகம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில, நாம இன்னும் டி.பி.ஐ.ன்னே சொல்ற வளாகத்துல, பாடநூல் கழக கவுண்டர்லயே கிடைக்கும். கைடு இப்போ வேண்டாம். முதல்ல புத்தகம்.

கணக்கைக் கண்டு அம்மா பயப்பட வேண்டாம். வினாத்தாள்ல ஒரு மதிப்பெண் 14, ரெண்டு மதிப்பெண் 10, அஞ்சு மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு ரெண்டுல ஒண்ணு செய்முறை வடிவியல், இன்னொண்ணு வரைபடம். ரெண்டும் கையால செய்யற வேலை. 40 வருஷமா டேப்பும் சாக்குக்கட்டியும் பிடிச்ச கைக்கு அந்த 16 மதிப்பெண் வந்தே தீரும்.

தம்புச்செட்டித்தெரு சார், உங்க அப்பாவைப் பத்திப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. ஆனா அவர் உடைஞ்சது தோத்ததாலயா, இல்ல தோத்த பிறகு கூட உக்கார யாரும் இல்லாததாலயா? என் வகுப்புல தோத்த பிள்ளைங்களுக்கு அடுத்த நாள் நான் இருந்தேன். அவருக்கு யார் இருந்தாங்க? குத்தமா கேக்கல. இத்தனை வருஷம் டீச்சரா இருந்ததுல எனக்குத் தோணறது இது.

தம்புச்செட்டித்தெரு | ஜூலை 7, இரவு 8:30

டீச்சர், யாரும் இல்ல. நாங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம்.

அல்லிக்கேணி | ஜூலை 8, காலை 6:15

இந்த இழையைப் படித்ததிலிருந்து உ.வே.சா. நினைவாகவே இருக்கிறது. அவர் வாழ்ந்த பேட்டையில்தான் நானும் வசிக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் அவர் பதிப்பித்தது எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் நடுவயதுக்கு முந்திய உழைப்பு. மாநிலக் கல்லூரியில் 1903 முதல் 1919 வரை தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். அப்போது உ.வே.சா.வுக்கு இருபத்தொரு வயது நிரம்பவில்லை. அந்த ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவர் முதல் பாகமாக வெளியிட்டது 1933இல், இரண்டாம் பாகம் 1934இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 57 ஆண்டுகள். எழுபத்தெட்டு வயதில் ஒருவர், தன் இருபது வயதில் பறிகொடுத்த வாத்தியாருக்காக உட்கார்ந்து எழுதுகிறார். அந்த ஆசிரியர் எந்த ஊரில் எந்த மாணவருக்கு என்ன பாடம் சொன்னார், யார் வீட்டில் சாப்பிட்டார், பணமில்லாமல் எப்படித் தவித்தார், எல்லாம் அதில் இருக்கிறது. உ.வே.சா. எழுதாமல் போயிருந்தால் பிள்ளையவர்களின் பெயர் நமக்கு எஞ்சியிருக்கலாம். அந்த மனிதர் எஞ்சியிருக்க மாட்டார்.

அதற்கும் பிறகு, 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். 85 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. வாரம் தவறாமல் வந்தது. யுத்த பயத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்த 1942இல் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் போனார், ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். 'என் சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. முடிக்க முடியுமா என்று பார்த்துத் தொடங்கியிருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்தே இருக்காது.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எழுத்தாணி | ஜூலை 8, மதியம் 1:10

அல்லிக்கேணி அய்யா சொன்னதோட ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன். ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியா இருந்துக்கிட்டே 1960கள்ல தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பிச்சவர். 1980ல விருப்ப ஓய்வு. அறுபது வயசு தாண்டின பிறகு, தொண்ணூறுகள்ல, மறுபடி அந்தக் குகைகளுக்கெல்லாம் போய், முன்னாடி தானே படிச்ச கல்வெட்டுகளைப் புதுசா படிச்சுச் சரிபார்த்தார். அந்தக் குகைகள்ல நிறைய குன்று மேல இருக்கு. மாங்குளம் மலையில நான் முப்பது வயசுல ஏறினப்பவே மூச்சு வாங்கிச்சு. அவரோட பெரிய நூல் வந்தது 2003ல, எழுபதைத் தாண்டி. தான் படிச்சது தப்பா இருக்கலாம்னு அந்த வயசுல மறுபடி போய்ப் பார்க்கறாரே, எனக்கு அதுதான் பெருசு.

கொசப்பேட்டை மகள் | ஜூலை 9, இரவு 11:02

டீச்சர், கல்வி அலுவலகம் போயிட்டு வந்தோம். செய்முறைக்குப் பேர் பதிஞ்சாச்சு. கவுண்டர்ல "பேத்திக்கா?"ன்னு கேட்டாங்க. அம்மா "எனக்குத்தான்"னாங்க. அந்தம்மா நிமிர்ந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம சேரை இழுத்துப் போட்டாங்க.

அல்லிக்கேணி அய்யா, நீங்க எழுதினதை அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். காஜா எடுத்துட்டே கேட்டாங்க. முடிச்சதும் சொன்னாங்க: "அவங்க எல்லாம் பெரியவங்க. அவங்க எழுதினா ஊருக்கு லாபம். நான் எழுதினா யாருக்கு?" எனக்கு பதில் சொல்லத் தெரியல. நிஜமாவே கேக்கறேன், பெரிய மனுஷங்க கதை சொல்றப்போ எங்க அம்மா மாதிரி இருக்கறவங்க இன்னும் சுருங்கிப் போக மாட்டாங்களா?

ஓய்வுபெற்ற டீச்சர் | ஜூலை 10, காலை 8:20

அப்போ அம்மாவுக்கு கார்த்தியாயினி அம்மாவைப் பத்திச் சொல்லுங்க. ஆலப்புழைக்காரங்க. கோயில் கூட்டிப் பெருக்கிப் பிழைச்சவங்க. பள்ளிக்கூடமே போனதில்ல. கேரள அரசு எழுத்தறிவுத் தேர்வை 2018ல எழுதினாங்க, 96 வயசு. நூத்துக்கு 98 வாங்கி முதலிடம். 2020ல குடியரசுத் தலைவர் கையால விருது வாங்கினாங்க. 2023ல 101 வயசுல காலமானாங்க. ஊருக்கு என்ன லாபம்னு அவங்களை யாரும் கேட்டதா எனக்குத் தெரியல. எழுதத் தெரியணும்னு ஆசைப்பட்டாங்க, எழுதினாங்க.

இரவுப்பணி | ஜூலை 11, நள்ளிரவு 12:40

நான் செவிலியர். 28 வருஷ சர்வீஸ். பெரும்பாலும் முதியோர் வார்டு, அதுவும் ராத்திரி ட்யூட்டி.

வயசானவங்ககிட்ட நாங்க கேக்கற கேள்விகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். மாத்திரை போட்டீங்களா. மோஷன் போனீங்களா. வலி இருக்கா. யார் கூட இருக்கா. சாப்பிட்டீங்களா. பார்க்க வர்ற பிள்ளைங்க கேக்கறதும் இதேதான். இந்த அஞ்சு கேள்வியில ஒரு மனுஷனோட நாள் முடிஞ்சு போகுது.

ஒரு பெரியவர் அச்சகத்துல எழுத்து கோத்தவர், இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருந்தார். எதுக்கும் முகம் கொடுக்க மாட்டார். ஒரு நாள் ராத்திரி, தூக்கம் வராம இருந்தவர்கிட்ட, "அய்யா, அந்தக் காலத்துல எழுத்தைத் தலைகீழா பார்த்துத்தான் கோப்பீங்களாமே, எப்படிப் படிச்சீங்க?"ன்னு கேட்டேன். தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னார். இடது கையை, எழுத்தை அடுக்கற ஸ்டிக்கைப் பிடிக்கற மாதிரி வெச்சு, வலது கை விரலால காத்துல ஒவ்வொரு அறையா எழுத்து எடுத்துக் காட்டினார். 'க' இங்க இருக்கும், 'ங' தேயவே தேயாது, அதை யாரும் தொடறதில்லன்னார். அரை மணி நேரம். மறுநாள் பிசியோவுக்கு அவரா கையை நீட்டினார்.

உங்க அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல கர்ப்பிணிகளுக்கு நிதியுதவித் திட்டம் இருக்கே, அந்த ஃபார்மை எத்தனையோ பொண்ணுங்களுக்கு நான் பூர்த்தி செஞ்சு கொடுத்திருக்கேன். அவங்க யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. அந்த நோய்க்குன்னு ஒரு மருத்துவமனை வேணும்னு வருஷக்கணக்கா போராடினாங்க. 1952ல நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல அடையாறுல 12 படுக்கையோட தொடங்கினப்போ அவங்களுக்கு 68 வயசு ஆகப் போகுது. உங்க அம்மா வயசுதான். அடுத்த வருஷம் அங்க வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில 93 வயசுல காலமாகற வரைக்கும் அந்த வளாகத்தை விட்டுப் போகல. ஒருத்தங்க ஆசை இன்னொருத்தங்க ஆயுசாச்சு.

68 வயசுல அவங்ககிட்ட "எதுக்கு?"ன்னு யாராவது கேட்டிருப்பாங்கன்னுதான் நினைக்கறேன். கேட்டவங்க அக்கறையாதான் கேட்டிருப்பாங்க.

காசிமேட்டுப் பையன் | ஜூலை 11, காலை 5:50

அக்கா, நர்ஸம்மா எழுதினதைப் படிச்சதும் எனக்கும் சொல்லணும்னு இருக்கு.

எங்க நைனா 50 வருஷம் கடலுக்குப் போனவர். கட்டுமரத்துல ஆரம்பிச்சு ஃபைபர் போட்டு வரைக்கும். படிப்பு கிடையாது. வயசாகி வீட்டோட இருந்தப்போ ஒரே ஆசை: காத்து, நீவாடு (கடல் நீரோட்டம்), மீன் திட்டு எல்லாம் தனக்குத் தெரிஞ்சதை ஒரு நோட்டுல ஏத்திடணும். "கொண்டல் அடிச்சா என்ன, வாடை அடிச்சா என்னன்னு எல்லாம் உங்க போன் சொல்லும். போன் தண்ணியில விழுந்தா?"ன்னு கேப்பார். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல என் பொண்ணு எழுதுவா, ஏழாவது படிச்சிட்டு இருந்தா. சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காருவாங்க. பொண்ணு தப்பா எழுதினா அவருக்கு எப்படித்தான் தெரியுமோ, "திருப்பிப் படி"ன்னுவார்.

40 பக்கம் ஆச்சு. அப்போ அவளுக்குப் பரீட்சை வந்தது. "கொஞ்ச நாள் விடு நைனா, பரீட்சை முடியட்டும்"னு நான்தான் சொன்னேன். பரீட்சை முடியறதுக்குள்ள அவர் போயிட்டார்.

நாப்பதாவது பக்கத்துல கடைசி வரி "ராத்திரி தண்ணி நிறம் மாறினா"ன்னு நிக்குது. மாறினா என்னன்னு எங்க குப்பத்துல எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவர் என்ன சொல்ல வந்தார்னு இனிமே தெரியாது.

உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லுங்கக்கா. கோவமா இல்ல. நான் சொன்னதும் அக்கறையாதான் சொன்னேன்.

தம்புச்செட்டித்தெரு | ஜூலை 11, காலை 10:15

காசிமேட்டுத் தம்பி, அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கீங்களா? இல்லன்னா இந்த வாரமே பண்ணுங்க. காகிதத்தை நம்பாதீங்க. தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, பழைய தாள்களை எப்படிப் பாதுகாக்கணும்னு தெரிஞ்சவங்க. போய்க் கேளுங்க.

அல்லிக்கேணி அய்யாவுக்கு ஒரு கேள்வி. உ.வே.சா.வைப் பத்தி உருகி எழுதினீங்க. அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் உங்க பேட்டையிலதானே இருந்தது? 2012ல இடிச்சப்போ ஊரே பார்த்துட்டுதானே இருந்தோம்? மெரினாவுல 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வரிசையா சிலை வெச்சோம். சிலை வைக்கறது சுலபம். உயிரோட இருக்கறப்போ கூட உக்காரறதுதான் கஷ்டம். எனக்கு இதை இப்போ சொல்ல உரிமை இருக்கான்னு தெரியல, ஆனா எங்க அப்பாவை நினைச்சுதான் சொல்றேன்.

அல்லிக்கேணி | ஜூலை 11, மாலை 6:40

உண்மைதான். பிள்ளையார் கோயில் தெருவில் அந்த வீடு இருந்த இடத்தை இப்போதும் கடந்து போகிறேன், ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. வெளியூர் நண்பர்கள் வந்தால் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் அழியவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் அவர் பெயரிலேயே நூல் நிலையம் அமைந்தது. இன்றும் பெசன்ட் நகரில் இயங்குகிறது. போய்ப் பார்த்தால் யாரோ ஒருவர் ஏட்டை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பார். வீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டும், மறுக்கவில்லை. இரண்டில் ஒன்றுதான் என்று கேட்டால், ஏட்டைக் காப்பாற்றியதையே அவரும் விரும்பியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

உங்கள் தந்தையின் நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றனவா?

தம்புச்செட்டித்தெரு | ஜூலை 11, இரவு 9:55

இருக்கு. இன்னிக்கு இறக்கினேன். 11 நோட்டு. விஜயநகரம் பத்தி மட்டும் மூணு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நான் இதுவரைக்கும் பிரிச்சுப் பார்த்ததே இல்ல.

கொசப்பேட்டை மகள் | நவம்பர் 18, இரவு 9:30

எழுதி ரொம்ப நாளாச்சு, மன்னிக்கணும். தீபாவளித் தையல். அந்த ஒரு மாசம் அம்மாவால புத்தகத்தைத் தொடவே முடியல. தீபாவளிக்கு மறுநாளே மெஷினை மூடிட்டு கணக்கு நோட்டைப் பிரிச்சாங்க.

டீச்சர், நீங்க சொன்னது அப்படியே நடந்தது. வடிவொத்த முக்கோணம் வரையற கணக்கு வந்தது, கொடுத்த முக்கோணத்துக்கு ஐந்தில் மூணு பங்கு அளவுல இன்னொண்ணு. பக்கத்து வீட்டுப் பொண்ணு போன வருஷம்தான் பத்தாவது முடிச்சா, அவதான் சொல்லித் தர்றா. கீழ ஒரு கோடு இழுத்து அஞ்சு சம பாகமா பிரிக்கணும், அங்கேர்ந்து இணையா கோடு போடணும்னு சொன்னா. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அம்மா அளவு ப்ளவுஸை வெச்சுப் பொண்ணுக்கு வெட்டற மாதிரி. எல்லாப் பக்கமும் ஒரே கணக்கா குறையணும், இல்லன்னா கழுத்து இழுக்கும்"னாங்க. அந்தப் பொண்ணு பென்சிலைக் கீழ வெச்சுட்டு, "பாட்டி, இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னா.

செய்முறைப் பயிற்சிக்கு சனிக்கிழமை சனிக்கிழமை போறாங்க. கூட வர்றதெல்லாம் பதினாறு, பதினேழு வயசுப் பசங்க, போன தடவை தேறாதவங்க. முதல் நாள் அவங்க எல்லாரும் அம்மாவை ஆயான்னு நினைச்சுட்டாங்க. மீட்டர் ஸ்கேலை நடுவுல நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடைக்கல்லும் மறுபக்கம் கல்லும் கட்டி எடை காண்ற பயிற்சி. பசங்களுக்கு ஸ்கேல் நேரா நிக்கவே இல்லையாம். அம்மா முடிச்சை ஒரு நூல் தள்ளி, ஒரு நூல் தள்ளி நிறுத்தியிருக்காங்க. அன்னிலேர்ந்து அந்தப் பசங்க அம்மா டேபிளுக்குத்தான் வர்றாங்களாம்.

இங்கிலீஷ்தான் படுத்துது. எழுத்துக் கூட்டிப் படிக்கறாங்க, ஆனா வாக்கியமா வர மாட்டேங்குது.

அண்ணன் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. காசிமேட்டு அண்ணன் எழுதினதைப் படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் போனையே பார்த்துட்டு இருந்தார். ரெண்டு நாள் கழிச்சு ஒரு எல்.இ.டி. டியூப் வாங்கிட்டு வந்து மெஷினுக்கு நேர் மேல மாட்டினார். எதுக்குன்னு யாரும் கேக்கல.

தம்புச்செட்டித்தெரு | நவம்பர் 19, காலை 7:20

அம்மாவுக்கு பிரஷர் பார்த்துட்டு இருக்கீங்களா? மாசம் ஒரு தடவையாவது பாருங்க. தேர்வு வேணுமான்னு கேட்ட என் கேள்வியை நான் இன்னும் விடல, ஆனா அம்மாவைப் பத்தித் தினமும் நினைக்கறேன். அப்பாவோட நோட்டுகளைத் தட்டச்சு பண்ணிட்டு இருக்கேன். நாலாவது நோட்டுல ஓரத்துல பென்சில்ல ஒரு குறிப்பு: "இது விளங்கவில்லை, பிள்ளையிடம் கேட்க வேண்டும்." எந்தப் பிள்ளைன்னு போடல. எங்க வீட்டுல மூணு பேர்.

ஓய்வுபெற்ற டீச்சர் | நவம்பர் 19, காலை 9:00

அதை இப்போ நீங்க படிச்சுப் பாருங்க சார். விளங்காதது என்னன்னு இங்க எழுதுங்க. எழுத்தாணி மாதிரி தெரிஞ்சவங்க இருக்காங்க.

மகளே, இங்கிலீஷுக்கு மனப்பாடம் வேண்டாம். கடிதம் எழுதறது, விளம்பரம் தயாரிக்கறது, படத்தைப் பார்த்து எழுதறது, இந்த மாதிரி உறுதியான மார்க்கை முதல்ல பிடிங்க. கடைக்கு ஒரு விளம்பரம் எழுதுன்னா அம்மா தன் கடைக்கே எழுதட்டும்.

கொசப்பேட்டை மகள் | மே 20, இரவு 8:45

ரிசல்ட் வந்துடுச்சு.

தமிழ் 71. கணக்கு 52. அறிவியல் 58. சமூக அறிவியல் 64. ஆங்கிலம் 27.

தேற 35 வேணும். எட்டு மார்க் குறையுது.

பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் போன்ல பார்த்துச் சொன்னா, சொல்லிட்டு அவளே அழுதுட்டா. தம்புச்செட்டித்தெரு சார் அப்பாவைப் பத்தி எழுதினது உடனே மனசுல வந்தது. எனக்குக் கை நடுங்கிச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுட்டு நம்பரை அவங்களே ஒவ்வொண்ணா படிச்சாங்க. கணக்கு 52ஐ ரெண்டு தடவை படிச்சாங்க. வடிவியல் முழுசா வந்திருக்கும்னாங்க. அப்புறம், "துணைத் தேர்வு எப்போ?"

ஜூலையில. ஆங்கிலம் மட்டும் எழுதினா போதும்.

அன்னிக்கு ராத்திரி ஒருத்தரும் அவங்களைத் தனியா விடல. அண்ணன், அண்ணி, நான், அந்தப் பொண்ணு எல்லாரும் திண்ணையிலதான் உக்காந்திருந்தோம். டீச்சர் சொன்ன "அடுத்த நாள்" எனக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள் காலையில அண்ணன் வேலைக்கு ஒரு மணி நேரம் லேட்டா போனார்.

இப்போ ஒரு உதவி. அந்தப் பொண்ணுக்கு ப்ளஸ் டூ கிளாஸ் தொடங்கப் போகுது, அவளால தினமும் வர முடியாது. எனக்கும் அண்ணனுக்கும் இங்கிலீஷ் அவ்வளவா வராது. புரசைவாக்கம், சூளை, ஓட்டேரி பக்கம் யாராவது வாரத்துல ரெண்டு நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் அம்மா கூட உக்கார முடியுமா? பணம் கொடுத்துடறோம்.

காசிமேட்டுப் பையன் | மே 20, இரவு 9:10

அக்கா, நாலு பாடம் பாஸ்! அம்மாகிட்ட சொல்லுங்க, எங்க வீட்டுல எல்லாரும் கேட்டாங்கன்னு. என் பொண்ணு இப்போ நாப்பத்தொண்ணாவது பக்கம் எழுத ஆரம்பிச்சிருக்கா. எங்க பெரிப்பா சொல்றார், அவ எழுதறா. தண்ணி நிறத்தைப் பத்தி அவர் சொல்றதைத் தனியா, அவர் பேர் போட்டு எழுதச் சொல்லியிருக்கேன். நைனா சொன்னதா கலந்துடக் கூடாதுல்ல.

டவுட்டன் வாசகர் | மே 20, இரவு 11:35

இந்த இழையை முதல் நாள்லேர்ந்து படிக்கறேன், எழுதினதில்ல. நான் டவுட்டன் பக்கம். ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவ. செவ்வாய், வியாழன் அஞ்சரைக்கு வர்றேன். பணம் வேண்டாம். ரெண்டு ப்ளவுஸ் பிட் ரொம்ப நாளா வெட்டாம வெச்சிருக்கேன், அளவு ப்ளவுஸோட கொண்டு வர்றேன். வீட்டு விலாசத்தைத் தனிமடல்ல அனுப்புங்க. அம்மா விடைத்தாள்ல எழுதின மாதிரியே ஒரு கடிதத்தை, தப்போடயே, திருத்தாம எழுதி வைக்கச் சொல்லுங்க. அங்கேர்ந்து தொடங்கலாம்.